தையல் மெஷின் வாங்கினால் தையல் கூலி மிச்சமாகுமா?

ரமளான் பாதியைத் தாண்டிவிட்டால் நம் ஊர்களில் பெரும்பாலான தையல் கடைகளில் புதுத் துணி வாங்கிக்கொள்ள மாட்டார்கள். "பெருநாளைக்கு முடியாது, பெருநாள் கழித்து வாங்க" என்பார்கள். முதல் நோன்பன்றே கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் இருபத்தேழாம் கிழமை வரை நடையாய் நடந்தால்தான் உடுப்பு கைக்கு வரும். வந்த உடுப்பில் கை இறுக்கமாக இருக்கும், அல்லது கழுத்து இறங்கியிருக்கும். கூலியோ போன வருடத்தைவிடக் கூடியிருக்கும். அந்த எரிச்சலில்தான் பல வீடுகளில் பேச்சு எழுகிறது: "ஒரு மெஷின் வாங்கிப் போட்டுவிட்டால் என்ன? நாமே தைத்துக்கொண்டால் எவ்வளவோ மிச்சமாகுமே?"

மிச்சமாகும், ஆனால் பலரும் எண்ணுகிற இடத்தில் அல்ல. புதுப் பெருநாள் உடுப்பைத் தைப்பதில் வரும் மிச்சம் குறைவு. இருக்கிற துணியைச் சரிசெய்வதிலும், நேர்த்தையல் மட்டுமே வேண்டிய எளிய உடுப்புகளிலும்தான் காசு நிற்கிறது. அதுவும் முதல் வருடத்திலேயே கண்ணுக்குத் தெரியாது. மெஷின் வாங்கியும் காசு மிச்சமாகாமல், கட்டிலுக்கு அருகில் துணி குவித்துவைக்கும் மேசையாக அதை ஆக்கிவைத்திருக்கும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே வாங்குவதற்கு முன் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்பது நல்லது.

ஓர் உடுப்பின் விலையில் மூன்று பங்கு இருக்கிறது: துணி, லைனிங், நூல், ஜிப், பட்டன் போன்ற சில்லறைச் சாமான், தையல் கூலி. வீட்டில் தைப்பதால் முதல் இரண்டும் குறைவதில்லை. சில்லறைச் சாமானை டெய்லர் மொத்தமாக வாங்குகிறார், நாம் ஒன்றிரண்டாக வாங்குகிறோம். அதனால் அது நமக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். மிச்சமாவது கூலி மட்டும்தான். எனவே எந்த உடுப்பில் துணி விலையோடு பார்க்கும்போது கூலி பெரிதாக இருக்கிறதோ, அதில்தான் வீட்டுத் தையலுக்கு அர்த்தம் இருக்கிறது.

கடையில் தொங்கும் ரெடிமேட் உடுப்போடு போட்டி போடுவது வேறு கதை. 250 ரூபாய்க்கு ஒரு காட்டன் நைட்டி கிடைக்கிறது. அதே அளவு துணியைச் சில்லறையாக மீட்டர் கணக்கில் வாங்கினால் துணிக்கே ஏறக்குறைய அந்தப் பணம் போய்விடும். எப்படி அவர்களால் முடிகிறது? தொழிற்சாலையில் துணி மில் விலைக்கு, உருளை உருளையாக வருகிறது. பத்துகள், நூறுகள் என்ற எண்ணிக்கையில் மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மின்சாரக் கத்தியால் ஒரே வெட்டில் வெட்டுகிறார்கள். பெரிய அளவு, சின்ன அளவு என எல்லாத் துண்டுகளையும் இடைவெளி விடாமல் அடுக்கி வரைந்துகொள்வதால் வீணாகும் துணி மிகக் குறைவு. ஒருவர் கை மட்டும் இணைப்பார், இன்னொருவர் ஓரம் மட்டும் மடிப்பார். நாள் முழுக்க ஒரே வேலை செய்யும் கைக்கு இருக்கும் வேகம் நமக்கு வராது. இதோடு குறைந்த கூலியும் சேர்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தில் இயங்கிய ஆடைத் தொழிற்சாலைகளில் உலகின் பல நாட்டுக் கடைகளுக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள். மலிவு விலைக்குள் அந்தக் கதையும் இருக்கிறது.

ஆகவே நைட்டி, பனியன், டி-ஷர்ட், லெக்கின்ஸ் இவற்றை வீட்டில் தைத்து மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். நைட்டியில் துணி விலையே நம்மைத் தோற்கடிக்கும். பனியன் துணியோ இழுத்தால் நீளும் பின்னல் துணி. வீட்டு மெஷினின் நேர்த்தையல் அதனோடு சேர்ந்து நீளாமல் அறுந்துவிடும், அதற்கு ஓவர்லாக் மெஷின் வேண்டும். ஆண்களின் முழுக்கைச் சட்டையும் அப்படித்தான். காலர், கஃப், கேன்வாஸ், காஜா என்று நுணுக்க வேலை அதிகம். கற்றுக்கொள்வதில் தவறில்லை. காசுக்காக என்றால் வேண்டாம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக, தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு பையனும் உள்ள வீட்டை வைத்துக்கொள்வோம். கூலி ஊருக்கு ஊர் மாறும். வாசகர்கள் தங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஆறு சுடிதார், தலா 400 வீதம் 2,400 ரூபாய். நான்கு ஜாக்கெட், தலா 250 வீதம் 1,000. எட்டுக் கைலி மூட்டக் கொடுத்தது, தலா 25 வீதம் 200. கைப் பிடிப்பது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது போன்ற சில்லறை வேலை பதினைந்து, சராசரி 60 வீதம் 900. நான்கு சேலைக்கு பிகோவும் ஃபாலும் 400. ஆக மொத்தம் 4,900 ரூபாய்.

இனி செலவுப் பக்கம். ஸ்டாண்டோடு கூடிய சாதாரண கால் மெஷின் 8,500 ரூபாய் என்று வைப்போம். நல்ல கத்தரி, அளவு டேப், பாபின்கள், ஊசிகள், நூல் கண்டுகள், எண்ணெய், இஸ்திரிப் பெட்டி இல்லாத வீடானால் அதுவும் சேர்த்து 1,500. மூன்று மாதம் வகுப்புக்குப் போனால் மாதம் 800 வீதம் 2,400. கூட்டினால் 12,400 ரூபாய்.

முதல் வருடம் எல்லாவற்றையும் தைத்துவிட முடியாது. கைலியும் சில்லறை வேலைகளும் முழுதாக நம் கைக்கு வந்துவிடும். ஃபால் நாமே வைத்துவிடலாம். பிகோவுக்கு ஜிக்ஜாக் மெஷின் வேண்டும் என்பதால் அதில் பாதிதான் மிச்சம். சுடிதாரில் மூன்றைத் துணிந்து தைத்தோம் என்றால் மொத்தம் 2,500 ரூபாய் கூலி மிச்சம். நூலுக்கும் ஊசிக்கும் 500, வெட்டிக் கெடுத்த துணிக்கு 600 கழித்தால் நிற்பது 1,400. இரண்டாம் வருடம் ஆறு சுடிதாரும் வீட்டிலேயே என்றால் 3,200 நிற்கும். மூன்றாம் வருடம் ஜாக்கெட்டும் கைவந்துவிட்டால் 4,200. நான்காம் வருட முடிவில்தான் சேர்த்துவைத்த மிச்சம் 13,000 ஆகி, போட்ட பணத்தைத் தாண்டுகிறது.

நான்கு வருடம் என்பது நீண்டதாகத் தோன்றலாம். ஆனால் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டால் இரும்புத் தலை கொண்ட கால் மெஷின் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். பெத்தும்மா காலத்து மெஷின் பேத்தி வீட்டில் இன்றும் ஓடுவதைப் பார்க்கிறோம். தவிரவும் மெஷினைத் தவணையில் வாங்குவது நேற்று வந்த பழக்கமல்ல. 1851இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கரின் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே தவணை முறையில் விற்கத் தொடங்கிவிட்டது. ஒரு குடும்பத்தால் ஒரே தடவையில் வாங்க முடியாத சாமானாக அது அன்றும் இருந்தது. இந்தியாவில் உஷா மெஷின் 1935இல் வந்தது. இப்போதும் தவணையில் கிடைக்கிறது. அதில் வட்டி இருக்கிறதா என்பதைக் கேட்டுப் பார்த்தே நம்மவர்கள் கையெழுத்திட வேண்டும். தெரிந்த கடையில் வட்டியில்லாமல் மூன்று நான்கு மாதத்தில் கட்ட ஒப்புக்கொள்பவர்களும் உண்டு.

இந்தக் கணக்கில் ஒன்றைச் சேர்க்கவில்லை. மெஷின் வந்த வீட்டில் துணி வாங்குவது கூடிவிடும். "நாமே தைக்கப்போகிறோமே, கூலி இல்லையே" என்று கட் பீஸ் கடையில் நுழைந்தால் வேண்டியது ஒன்று, வாங்குவது நான்கு. அந்த நான்கில் இரண்டு தைக்கப்படாமலே பீரோவில் கிடக்கும். வருடத்துக்கு இப்படி 2,000 ரூபாய்த் துணி சேர்ந்தால் மேலே சொன்ன முதல் வருட மிச்சம் எதுவும் மிஞ்சாது. தைக்க வேண்டியதைத் தைத்து முடிக்காமல் அடுத்த துணி வாங்குவதில்லை என்று வீட்டில் ஒரு முறை வைத்துக்கொள்ளலாம்.

எங்கே உண்மையில் மிச்சம்

முதலில் கைலி. இரண்டு மீட்டர் துணி, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரே ஒரு நேர்த்தையல். மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. கோணினாலும் உடுத்துபவருக்குத் தெரியப்போவதில்லை. கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு வைத்துத் தைக்கப் பழகினால், பிறகு சுடிதாரின் இரு பக்கங்களைச் சமமாகப் பிடிக்கவும் கை பழகிவிடும். பழைய மெல்லிய கைலியைக் கிழித்து நான்காக மடித்து ஓரம் அடித்தால் பச்சைப் பிள்ளைக்கு விரிப்பும் துடைப்பும் ஆகும். எத்தனையோ தடவை துவைத்த பருத்திக்கு இருக்கும் மென்மை கடையில் வாங்கும் புதுத் துணிக்கு வராது.

அடுத்து புர்கா. ரெடிமேட் புர்காவும் அபாயாவும் 52, 54, 56, 58 என்று அங்குல நீளத்தில் வருகின்றன. ஐந்தடி உயரமுள்ளவருக்கு 52 சரியாக இருக்கும். அவருக்குப் பிடித்த மாதிரி 56இல் மட்டும் இருந்தால் வாங்கிவந்து நீளம் குறைக்க வேண்டியதுதான். கீழ் ஓரம் தரையில் இழுபட்டு அழுக்காகிக் கிழிவதற்கும், மாடிப்படியில் காலில் சிக்கி விழுவதற்கும் அந்த இரண்டு மூன்று அங்குலம்தான் காரணம். அதை மடித்து அடிக்க அரை மணி நேரம் போதும். கைப்பகுதியில் பட்டன் வைப்பது, உள்ளே ஒரு பாக்கெட் சேர்ப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் இதே வகை.

புதிதாகத் தைப்பதிலும் புர்காதான் நமக்கு லாபமான உடுப்பு. உடலோடு ஒட்டிய வெட்டு கிடையாது, டார்ட் கிடையாது, பெரும்பாலும் நேர்கோடுகள்தான். 58 அங்குல அகலத்தில் வரும் நிடா துணியில் மூன்று, மூன்றேகால் மீட்டர் இருந்தால் எளிய புர்கா ஒன்று வந்துவிடும். மீட்டர் 180 ரூபாய் என்றால் துணி 585, நூலும் பட்டனும் 65, ஆக 650 ரூபாய். அதே துணியில் கடையில் 1,200 சொல்கிறார்கள் என்றால் ஒன்றில் 550 மிச்சம். வருடத்துக்கு இரண்டு தைக்கிற வீட்டில் முன்சொன்ன நான்கு வருடம் மூன்றரைக்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் கல் பதித்தது, எம்பிராய்டரி போட்டது வேண்டும் என்றால் கடையிலேயே வாங்கிவிடலாம். அந்த வேலைக்கு வெளியே கொடுத்தால் கூலியில் மிச்சம் கரைந்துபோகும். நிடாவும் ஜார்ஜெட்டும் வழுக்குகிற துணிகள் என்பதால் புதிதாகக் கற்பவர் முதலில் அவற்றில் கை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொழுகை மக்கனா அதற்கு முந்திய படி. மெல்லிய பருத்தியில் முகத்துக்கு ஒரு திறப்பு, தாடைக்குக் கீழே ஒரு தையல், சுற்றிலும் ஓரம், அவ்வளவுதான். வீட்டில் நான்கு பெண்கள் இருந்தால் நான்கு மக்கனா ஒரே நாளில் முடியும். மதரஸா போகும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளவு மாறிக்கொண்டே இருப்பதால் இதில் தொடர்ந்து மிச்சம் உண்டு.

பள்ளிச் சீருடையை வாங்கும்போதே கீழ் மடிப்பில் மூன்று அங்குலமும் பக்கத்தில் ஓர் அங்குலமும் உள்ளே விட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், வளரும் பிள்ளைக்கு அடுத்த வருடமும் பிரித்து விடலாம். இந்த ஒரு வேலைக்கே டெய்லரிடம் போவதென்றால் ஜூன் மாதக் கூட்டத்தில் நிற்க வேண்டும். தலையணை உறை, திரைச்சீலை, மெத்தை உறை, உள்பாவாடை, கடைக்குக் கொண்டுபோகும் துணிப்பை எல்லாம் நேர்த்தையல் மட்டுமே. இவற்றில் கூலியைவிட "நாளை வா, மறுநாள் வா" என்ற அலைச்சல்தான் பெரிய மிச்சம்.

ஜாக்கெட்டைக் கடைசியாகச் சொல்கிறோம், கற்றுக்கொள்வதும் கடைசியாகத்தான் இருக்க வேண்டும். கூலி அதிகம் என்பதால் எல்லோருக்கும் அதன்மீதுதான் முதல் ஆசை. ஆனால் கைக்குழியும் மார்பு டார்ட்டும் தோள்பட்டையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அரை அங்குலம் பிசகினால் கை தூக்க வராது. பட்டுச் சேலையோடு வந்த ஜாக்கெட் துணியை வெட்டிக் கெடுத்துவிட்டால் அதே நிறத்தில் வேறு கிடைப்பதும் கஷ்டம். கல்யாண ஜாக்கெட்டை நல்ல டெய்லரிடமே கொடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

கற்கும் வரிசை

வகுப்புக்குப் போவதா, வீடியோ பார்த்துக் கற்பதா என்று பலர் கேட்கிறார்கள். வெட்டும் முறையை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். மெஷினைப் பழக ஒரு மாதமாவது தெரிந்தவர் பக்கத்தில் இருப்பது நல்லது. வலது கை சக்கரத்தைத் திருப்ப, கால் ஒரே சீராக மிதிக்க, மெஷின் பின்னோக்கி ஓடி நூல் அறுபடாமல் இருக்கப் பழகுவதற்கே முதல் வாரம் போய்விடும். நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டிப் பழகுவது பழைய முறை. இன்றும் அதற்கு ஈடில்லை. தாளைக் குத்திய ஊசி மழுங்கிவிடும், அதைத் துணிக்கு வைக்கக் கூடாது.

பிறகு பழைய பெட்ஷீட்டில் நேர்த்தையல், ஓரம் மடித்தல், வளைவு. அதன்பின் தலையணை உறை, கைலி, மக்கனா, உள்பாவாடை, சுடிதார் பேன்ட், சுடிதார் டாப் என்று போனால் ஆறு மாதத்தில் துணியை வீணாக்காமல் தைக்க வந்துவிடும். டாப் வெட்டும்போது உடலில் அளவெடுப்பதைவிட, சரியாகப் பொருந்தும் பழைய உடுப்பு ஒன்றை அளவுச் சட்டையாக வைத்துக்கொள்வது பிழையைக் குறைக்கும். அதை முதலில் செய்தித்தாளில் வரைந்து வெட்டி, தாளையே உடம்பில் வைத்துப் பார்த்த பிறகு துணியில் கத்தரி வைக்கலாம். தையலுக்கு உள்ளே விடும் இடத்தை மறந்து அளவோடு வெட்டிவிடுவதுதான் கற்பவர்கள் செய்யும் பெரிய தவறு.

பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். தைத்த பின் சுருங்கினால் சரிசெய்ய முடியாது. வாங்கும்போது மீட்டர் விலையை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றம்தான். 36 அங்குல அகலத் துணி மீட்டர் 100 ரூபாய், 44 அங்குலம் 115 ரூபாய் என்றால் 115தான் மலிவு. அகலம் கூடுவதால் கையும் உடலும் ஒரே நீளத்துக்குள் அடங்கிவிடும்.

ஊசியில் எண் உண்டு. நிடா, ஜார்ஜெட் போன்ற மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, பேன்ட் துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18. எல்லாவற்றுக்கும் ஒரே ஊசியை வைத்துவிட்டு "மெஷின் சரியில்லை" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவருக்குத்தான் மிச்சம். துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாக வந்தால் பெரும்பாலும் மேல் நூலைக் கோத்த முறையோ அதன் இறுக்கமோதான் காரணம். பலரும் பாபினைத் திருகிப் பார்த்துக் கெடுத்துவிடுகிறார்கள். ஒரு தடவை நூலை முழுதும் உருவி மறுபடி கோத்துப் பார்த்தால் பாதி நேரம் சரியாகிவிடும்.

மெஷின் வாங்கும்போது கையடக்கமாக ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்கு விற்கும் சின்ன பிளாஸ்டிக் மெஷின்களைத் தவிர்க்கலாம். ஜீன்ஸ் மடிப்பைத் தாண்ட அவற்றுக்குத் தெம்பு கிடையாது. கருப்பு நிற இரும்புத் தலை மெஷினுக்கு எந்தச் சிற்றூரிலும் உதிரிபாகம் கிடைக்கும், பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். பழைய மெஷின் வாங்கினால் செலவு பாதியாகலாம். சக்கரத்தைக் கையால் சுற்றி எங்கும் தடுக்காமல் ஓடுகிறதா, இரண்டு மடிப்புத் துணியில் தைத்து மேலும் கீழும் ஒரே மாதிரி விழுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு மோட்டார் அவசியம். கால் மிதியையும் கழற்றாமல் வைத்துக்கொண்டால் மின்வெட்டிலும் வேலை நிற்காது.

யாருடைய நேரம்?

சுடிதார் ஒன்றுக்கு 400 ரூபாய் மிச்சம் என்று எழுதினோம். புதிதாகக் கற்ற ஒருவருக்கு அதை வெட்டித் தைத்துப் பிரித்து மறுபடி தைக்கப் பத்து மணி நேரம் ஆகலாம். மணிக்கு 40 ரூபாய். காலையில் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, மீதமிருக்கும் பகல் தூக்கத்தை விட்டுத்தான் அந்தப் பத்து மணி நேரம் வருகிறது. மிச்சமான 400 ரூபாய் குடும்பக் கணக்கில் சேர்கிறது. போன தூக்கத்தை யாரும் எழுதிவைப்பதில்லை. இதைச் சொல்லாமல் "வீட்டில் தைத்தால் மிச்சம்" என்று மட்டும் எழுதுவது அரைக் கணக்கு.

மெஷின் வந்த செய்தி பரவியதும் உறவுக்காரர்கள் துணியோடு வந்துவிடுவார்கள். "உனக்கென்ன, வீட்டில்தானே இருக்கிறாய், இந்த ஜாக்கெட்டைக் கொஞ்சம் தைத்துத் தாயேன்" என்பது அன்பாகத்தான் கேட்கப்படுகிறது. நூல் நம்முடையது, ஹூக் நம்முடையது, உழைப்பு நம்முடையது. பெருநாள் நெருங்கும்போது மச்சிக்கும் மாமிக்கும் தைத்துக் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளைக்குக் கடையில் ரெடிமேட் வாங்கியவர்களை நாம் அறிவோம். ஆரம்பத்திலேயே ஒரு கூலியைச் சொல்லிவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறவுக்குக் குறைத்து வாங்கலாம், சும்மா செய்வதென்றால் அது தானாக விரும்பிச் செய்வதாக இருக்க வேண்டும். அப்படி வரும் பணம் தைத்த பெண்ணுக்கே உரியது என்பது மார்க்கம் தெரிந்த நமக்குப் புதிதல்ல. குடும்பச் செலவின் பொறுப்பு கணவனுடையது. மனைவி மனமுவந்து கொடுத்தால் அது அவள் செய்யும் உபகாரம்.

பட்டன் வைக்கவும் தையல் விட்ட இடத்தைக் கைத்தையலால் மூடவும் ஆண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டவர்களுக்கு, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்த செய்தி அஹ்மதில் பதிவாகியிருக்கிறது. நாளை துபாயிலோ சென்னையிலோ அறை எடுத்துத் தங்கப்போகும் பையனுக்கு அந்தப் பத்து நிமிட வேலை தெரியாமல் நல்ல சட்டை ஒன்று மூலையில் கிடக்கும்.

தெருவில் தைத்துக் கொடுத்துப் பிழைக்கும் பெண் ஒருவர் இருந்தால் அவரையும் மறக்க வேண்டாம். கணவனை இழந்து, அந்த மெஷினை வைத்தே பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். நாம் கைலியையும் மக்கனாவையும் வீட்டில் தைத்துக்கொண்டு, ஜாக்கெட்டையும் நல்ல சுடிதாரையும் அவரிடம் கொடுப்பதே இருவருக்கும் கணக்காக இருக்கும். அவரிடமே காசு கொடுத்துக் கற்றுக்கொள்வது இன்னும் நல்லது.

வாங்கலாமா வேண்டாமா என்று தயங்குபவர்கள் ஒரு நோட்டில் மூன்று மாதம் தையல் கடைக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயையும் தேதியோடு எழுதிப் பார்க்கட்டும். பெருநாள் மாதம் அதில் இருந்தால் அதைத் தனியாகக் காட்டட்டும். மாதம் 200 ரூபாய்க்குள் நின்றுவிட்டால் மெஷின் தேவையில்லை, ஒரு ஊசி டப்பா போதும். 400ஐத் தாண்டினால், அதிலும் பாதிக்குமேல் சில்லறை வேலையாக இருந்தால், பழைய மெஷின் ஒன்றைத் தேடலாம்.

வருமானத்துக்காகவே கற்க விரும்பும் சகோதரிகளுக்கு அரசு வழிகள் சில இருக்கின்றன. மாவட்டங்களில் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் தையல் பயிற்சி கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் சேர்க்கப்பட்ட 18 தொழில்களில் தையலும் ஒன்று. பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரையும் அதில் உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அத்திட்டத்தின் கடனுக்கு 5 விழுக்காடு வட்டி என்பதால் கருவித்தொகையோடு நிறுத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். தமிழக சமூக நலத்துறையின்கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் அரசின் விலையில்லாப் பள்ளிச் சீருடைகளைத் தைக்கின்றன. அவற்றில் உறுப்பினரானால் கூலி வேலை கிடைக்கும். அதே துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டமும் இருக்கிறது. விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், வறுமையில் உள்ள பெண்கள் ஆகியோர் 20 முதல் 40 வயதுக்குள் இருந்தால் கேட்கலாம். வருமான உச்சவரம்பு உண்டு. தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழும் கேட்பார்கள். பக்கத்து வீட்டில் கற்றது இதற்குச் செல்லாது என்பதால், வகுப்பில் சேரும்போதே அது பதிவு பெற்ற நிலையமா, முடிவில் சான்றிதழ் தருவார்களா என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும்.